நல்ல பால்ஹெட், பாழாய்ப்போன லீவர்

லென்ஸ் நேற்றுதான் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. அதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற அந்த பால்ஹெட் எப்படி, வாங்கலாமா?" என்று கேட்கிறார். (ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்கி, ஒரு பந்தின் மேல் எந்தப் பக்கமும் சாய்க்கவிடும் தலைதான் பால்ஹெட்.) கேட்ட நேரம் சரியில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்ல முயல்கிறேன், இடையில் கோபம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை, உயரம், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதை விடுங்கள். இதன் பந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மழை, மணல், தூசி எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் வழுவழுவென்றுதான் சுழல்கிறது. உராய்வுக்கான சின்னக் குமிழை லென்ஸின் எடைக்குத் தக்கபடி ஒருமுறை வைத்துவிட்டால், பெரிய குமிழைத் தளர்த்தினாலும் கேமரா தலைகுப்புறச் சாயாது, விரலால் தள்ளினால் மட்டும் நகரும். இறுக்கிய பிறகு ஃப்ரேம் கொஞ்சம் கீழே இறங்கிவிடும் தொல்லையும் (பல ஹெட்களில் தீராத தலைவலி அது) இதில் கிட்டத்தட்ட இல்லை.

கேமராவைப் பிடிக்கும் கிளாம்பை மூடித் திறக்கிற லீவரும் முதலில் பிடித்துத்தான் போனது. கேமராவின் அடியில் திருகியிருக்கும் பிளேட்டை மேலிருந்து வைத்து லீவரை மடக்கினால் டக்கென்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. குமிழைத் திருகிக் கிளாம்பை மூடும் வகையில் சில சுற்று சுற்ற வேண்டியதை இது ஒரு விரலில் முடித்துவிடும். விடியற்காலையில் கையுறை போட்டுக்கொண்டு, வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்போது, அந்தச் சுகமே தனி.

ஆனால் ஒரு விரலால் திறக்கிற எதையும் ஒரு பக்கிளும் திறக்கும். கேமராவைக் கழற்றாமல் ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றும்போது, பையின் பட்டையில் இருந்த பக்கிள் லீவரின் நுனிக்கு அடியில் நுழைந்து நெம்பிவிட்டது. திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தோளில் பாரம் சட்டென்று குறைந்தது, அப்புறம் முதுகுக்குப் பின்னால் பாறையில் மோதும் சத்தம்.

லென்ஸ் முன்பக்கமாக விழுந்திருந்தது. லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் இரண்டாகப் பிளந்துவிட்டது, அதன் மேல் எனக்குக் கோபமில்லை, பிளாஸ்டிக் ஹூட் உடைகிறபோது விழுந்த அடியின் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. லென்ஸைக் காக்க முன்னால் போட்டிருந்த ஃபில்டர்தான் காலை வாரியது. கண்ணாடி நொறுங்கி, அந்தச் சில்லுகளே லென்ஸின் முன் கண்ணாடியில் மெல்லிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டன. வளையமோ நெளிந்து மரையில் சிக்கிக்கொண்டு, ஃபில்டர் கழற்றும் இடுக்கிக்கும் அசையவில்லை. ஃபில்டர் போட்டால் லென்ஸ் பிழைக்கும் என்று இனி யாராவது சொன்னால் அந்தக் கோட்டைக் காட்டுவேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாதது கணினியில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் வெளியே வந்தது: ஃப்ரேமின் இடது ஓரம் முழுக்க மங்கல். லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையமான மவுண்ட் சாய்ந்திருக்கிறது. மவுண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் சோனி இ மவுண்டில் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப்பில் 20 மி.மீ., அதில் ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவான சாய்வு இருந்தாலே ஓரம் போய்விடும். உங்கள் கேமரா கீழே விழுந்து மேலுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்: செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து ஒரு படம், பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். இரண்டையும் திருப்பாமல் அப்படியே ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஃப்ரேமின் அதே பக்கம் மங்கினால் லென்ஸிலோ கேமரா மவுண்டிலோ கோளாறு. மங்கல் சுவரின் ஒரு பகுதியைப் பின்தொடர்ந்து பக்கம் மாறினால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சர்வீஸில் மவுண்ட் வளையத்தை மாற்றி, அடியில் மெல்லிய தகடு வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். கீழே விழுந்த சேதம் வாரன்டியில் சேராது என்பதைச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் பால்ஹெட்டில் ஒரு கீறல்கூட இல்லை!

"தோளில் போட்டு நடந்தது உன் தப்பு" என்கிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே போய்ப் படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள், தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாதா? மான்ஃப்ரோட்டோ கம்பெனியின் பழைய ஆர்சி2 கிளாம்பில், லீவர் தவறித் திறக்காமலிருக்க ஒரு சின்னப் பாதுகாப்புக் கொக்கி உண்டு. அந்தச் சுண்டுவிரல் அளவு உலோகத்தை இதில் வைக்க என்ன தடை? பிளேட்டின் முனைகளில் உள்ள தடுப்புத் திருகுகள் இருக்கின்றனவே என்பார்கள். கிளாம்ப் லேசாகத் தளர்ந்தால் பிளேட் பக்கவாட்டில் வழுக்காமல் அவை காப்பாற்றும், சரி. லீவர் முழுதாகத் திறந்தால் பிளேட் நேரே மேலே கழன்று வந்துவிடும், அங்கே தடுப்புக்கு வேலையே இல்லை.

இன்னொரு எரிச்சலும் உண்டு. இந்த ஹெட் பிடிக்கும் அர்கா வகை பிளேட்கள் சுமார் 38 மி.மீ. அகலம் என்பது எல்லாரும் பின்பற்றும் வழக்கம்தான், கம்பெனிக்குக் கம்பெனி துளி வித்தியாசம் வரும். குமிழ் வகையில் இன்னும் அரைச் சுற்று திருகினால் போதும். லீவரின் ஓட்டம் அளவெடுத்தது, பிளேட் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் லீவர் மூடிக்கொள்ளும், பிடி இருக்காது. அந்த டக் சத்தத்தை நம்பாமல் கேமராவைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

பிளேட்டைக் கேமராவோடு பிடிக்கும் கால் அங்குலத் திருகையும் மறக்க வேண்டாம். ட்ரைபாட் நிமிர்ந்து நிற்கும்போது எடை நேரே கீழே இறங்கும், தோளில் கிடக்கும்போது கனமான லென்ஸ் ஒவ்வொரு அடிக்கும் அந்தத் திருகைச் சுற்றிக் கேமராவைத் திருப்பப் பார்க்கும், திருகு மெல்ல இளகும். நீள லென்ஸ் என்றால் லென்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காலில்தான் பிளேட்டைப் போட வேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு அருமையான பந்தைச் செய்யத் தெரிந்தவர்கள் லீவருக்கு ஒரு பூட்டு வைக்காமல் விட்டதற்குத் தண்டனையாகவாவது வாங்காதீர்கள். என்னுடையதைக் கொடுத்துவிடுகிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். கிளாம்ப் ஒரே ஒரு போல்ட்டில்தான் நிற்கிறது, லென்ஸ் சர்வீஸில் இருந்தபோது அதைக் கழற்றிக் குமிழ் கிளாம்ப் ஒன்றை மாட்டினேன், எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. நேற்று இரவு பழைய லீவரையே திரும்ப மாட்டிவிட்டேன். கேமராவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் இனி நடக்கப் போகிறேன், ஒவ்வொரு இடத்திலும் அதை வெளியே எடுத்து மாட்டுகிற நேரத்தில் அந்தக் குமிழை நாலு முறை திருகியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.