வுட்ஹவுஸ் ஆங்கில-கிரேக்க அகராதி: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கிரேக்க உரைநடை எழுதிப் பழகத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "வுட்ஹவுஸ் பழைய பிரதி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1910இல் லண்டனில் வெளிவந்த நூல், ஆங்கிலச் சொல்லுக்கு அட்டிக், அதாவது பழைய ஏதென்ஸ் வழக்கின், கிரேக்கச் சொல் தருவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. அச்சு, தாள், கட்டு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் பிரதியின் முதுகு பிய்ந்துபோய், பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன், இப்போது திடமாக இருக்கிறது. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று: சண்டைச் சொற்கள்.

மோதல், பகை, எதிர்ப்பு, போட்டி, தகராறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் எதைத் தேடிப் போனாலும், பெரும்பாலும் கிடைப்பது காற்புள்ளி போட்ட ஒரு வரிசை. எது எந்தச் சண்டைக்கு என்ற விளக்கம் அரிதாகத்தான் வரும். மற்ற துறைகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கப்பலுக்கோ கதவுக்கோ இரண்டு சொல் இருந்தால், எதை எடுத்தாலும் கதை கெடாது. சண்டையில் கெடும். யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கிரேக்கத்தில் சொல்லே மாறிவிடுகிறது. பகைவன் என்று எழுத வேண்டுமானால் அவன் என் சொந்தப் பகைவனா, என் ஊரோடு போர் புரியும் ஊரைச் சேர்ந்தவனா என்று முதலில் தெரிய வேண்டும். முன்னவன் எக்த்ரோஸ், பின்னவன் போலெமியோஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

போலெமோஸும் ஸ்தாசிஸும் இதைவிடக் கடினம். பிளேட்டோவின் 'குடியரசு' ஐந்தாம் புத்தகத்தில் சாக்ரடீஸ் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். அந்நியரோடு நடக்கும் சண்டை போலெமோஸ், உறவுக்குள் நடப்பது ஸ்தாசிஸ். கிரேக்கரும் கிரேக்கரும் மோதினால் அது ஸ்தாசிஸ், கிரேக்க நாடே நோயுற்றிருக்கிறது என்று பொருள். படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர் துசிடிடீஸைத் திறந்தால் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதியது முழுக்க போலெமோஸ்தான். இரண்டு பக்கமும் கிரேக்கர்கள்! ஆக, பிளேட்டோ சொல்வது சொல்வழக்கை அல்ல, அந்த வழக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை. நடைமுறையில் ஊருக்கும் ஊருக்கும் என்றால் போலெமோஸ், ஓர் ஊருக்குள்ளேயே என்றால் ஸ்தாசிஸ். இதை எனக்குச் சொன்னது அகராதி அல்ல, கி.மு. 427இல் கொர்க்கிரா தீவில் நடந்த உட்கலகத்தைத் துசிடிடீஸ் எழுதிய மூன்றாம் புத்தகப் பக்கங்கள்.

சமீபத்தில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் பற்றிய ஒரு பத்தியைக் கிரேக்கத்தில் எழுத எடுத்துக்கொண்டேன். 1642இல் தொடங்கி, மன்னர் பக்கமும் நாடாளுமன்றப் பக்கமும் படை திரட்டிக்கொண்டு வருடக்கணக்கில் மோதிய கதை. ஸ்தாசிஸ் என்று எழுதலாமா? கொர்க்கிராவிலும் தெருச்சண்டை நடந்தது, பெண்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஓடுகளை வீசினார்கள். ஆனாலும் அது ஓர் ஊருக்குள் இரண்டு கட்சிகளின் வெறி. 1645இல் நேஸ்பியில் நடந்தது அணிவகுத்த படைகளின் போர். அந்த ஒரு நாளை மாகே (களச்சண்டை) என்று எழுதிவிடலாம், கவலையில்லை. முழுப் போருக்கு என்ன எழுதுவது? பின்னாளில் கிரேக்கத்தில் வரலாறு எழுதிய பொலிபியஸும் அப்பியனும் 'எம்ஃபிலியோஸ் போலெமோஸ்' என்கிறார்கள், குலத்துக்குள்ளேயே நடக்கும் போர். அப்பியன் ரோமானியரின் உள்நாட்டுப் போர்களை எழுதிய பகுதிக்கே அதே சொல்தான் தலைப்பு. அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. ஆனால் வுட்ஹவுஸ் அட்டிக் வேலிக்கு வெளியே கால் வைப்பதில்லை. அந்த வேலி நல்லதற்குத்தான் என்று தெரிந்தும் அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் ஸ்தாசிஸ் என்றே எழுதி, படைகளையும் தளபதிகளையும் அடுத்த வாக்கியங்களில் கொண்டுவந்தேன். அட்டிக் நடைக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

அகராதிக்கு நியாயம் செய்யவும் வேண்டும். பக்கம் முழுக்க வரும் பி, வி என்ற குறிகளுக்காகவே இந்த மனிதரைக் கும்பிடலாம். பி என்றால் உரைநடை, வி என்றால் செய்யுள், நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸுக்கு மட்டும் தனிக் குறி. நெய்கோஸ் என்ற அழகான சொல் துன்பியல் நாடகத்தில் சண்டைக்கு வரும். அதை அப்படியே ஒரு வரலாற்றுப் பத்தியில் வைத்தால் மொத்த நடையும் கோணலாகிவிடும். வுட்ஹவுஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்தப் பயமே வேண்டாம். இத்தனை வருடத்தில் இந்தக் குறிகளை எப்போது நம்பினாலும் அவை கைவிட்டதில்லை.

இன்னொன்று, வேற்றுமைக் குறிப்பு. 'அவனோடு சண்டை போட்டேன்' என்று நாம் சொன்னால் அவன் எதிரி. அவன் என் பக்கம் என்றால் 'அவனோடு சேர்ந்து' என்று ஒரு சொல் கூடுதலாக வேண்டும். அட்டிக்கில் மாகெஸ்தாய் (சண்டையிடு) என்ற வினைக்கு முன்னால் ஒருவனை நான்காம் வேற்றுமையில் வைத்தால் அவன் எதிரி. மெத்தா என்ற முன்னிடைச் சொல்லோடு ஆறாம் வேற்றுமையில் வைத்தால் அவன் கூட்டாளி. வுட்ஹவுஸ் வினைக்குப் பக்கத்திலேயே வேற்றுமையை அடைப்புக்குள் தந்துவிடுகிறார். (விவிலியக் கிரேக்கம் படித்துவிட்டு வருபவர்கள் கவனிக்க: திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரத்தில் மிக்கேல் அரக்கப் பாம்போடு போரிடும் இடத்தில் அதே மெத்தா எதிரிக்கு வருகிறது. அட்டிக்கில் அப்படி எழுதக் கூடாது.)

எதிர்ப்பு என்ற சொல்லுக்கு வந்தால் பழைய எரிச்சல் திரும்புகிறது. பேச்சால் எதிர்த்தால் அந்திலெகெய்ன். தாக்க வருபவனை நின்று தடுத்தால் அந்திஸ்தாஸ்தாய். ஒரு முடிவுக்குக் குறுக்கே நிற்பது எனந்தியூஸ்தாய். இந்த மூன்றாவதன் கனம் எனக்கு விளங்கியது பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரையில். கி.மு. 406இல் அர்கினூசாய் கடற்போருக்குப் பிறகு தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒட்டுமொத்தமாக விசாரிக்க மக்கள் துடித்தபோது, அவைக்குழுவில் தான் ஒருவன் மட்டும் எதிர்த்தேன் என்று சாக்ரடீஸ் சொல்லும் இடத்தில் இந்த வினைதான். தன்னை அரசியலில் இறங்கவிடாமல் தடுத்த உள்குரலைப் பற்றிச் சொல்லும்போதும் இதேதான். அதைப் படித்தவனுக்கு இந்தச் சொல் மறக்காது. வரிசையில் ஐந்தோடு ஆறாக நின்றால் யார் கண்ணில் படும்?

நாடாளுமன்ற எதிர்க்கட்சி என்று எழுத வேண்டுமானால் எந்த அட்டிக் சொல்லும் நேராகப் பொருந்தாது, ஏதென்ஸ் மக்கள் அவையில் அப்படி ஒன்று இருந்ததில்லை. 'எதிர்த்துப் பேசுபவர்கள்' என்றோ, 'இன்னாரைச் சுற்றியிருப்பவர்கள்' என்றோ சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். இன்றைய கிரேக்கத்தில் அந்திபோலிதெஃப்சி என்று தனிச்சொல் இருக்கிறது. ஸ்தாசிஸோ அங்கே பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகையில் போய் நிற்கிறது.

சரி, வாங்கலாமா? நல்ல அகராதி. உரைநடையா செய்யுளா என்ற கேள்விக்கு இதைவிட நம்பகமான துணை எனக்குத் தெரியாது. ஆனாலும் நண்பரே, இப்போது வாங்காதீர்கள். பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அது போதும். அந்தப் பணத்தில் துசிடிடீஸ் மூன்றாம் புத்தகத்துக்கு உரையோடு ஒரு நல்ல பதிப்பு வாங்குங்கள். கொர்க்கிரா பகுதியை முடித்த பிறகும் வுட்ஹவுஸ் வேண்டும் என்று தோன்றினால், என் பிரதியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளத் தருகிறேன்.