ஆண்ட்ராய்டின் டேட்டா லிமிட்: பில் எகிறாமல் காக்குமா?

பெரும்பாலும் காக்கும். செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் போய் (பெயர் போனுக்குப் போன் சற்று மாறும்) முதலில் பில்லிங் சைக்கிள் தேதியை (மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும் நாள்) சரிசெய்யுங்கள். அது உங்கள் பில் தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் போனின் டேட்டா மீட்டர் தவறான நாளில் பூஜ்யமாகிவிடும். லிமிட் வைத்தும் பயனில்லை. அதே இடத்தில் இருக்கும் வார்னிங் வெறும் அறிவிப்புதான். டேட்டாவைத் துண்டிப்பது லிமிட் மட்டுமே.

பெரிய குறை, போனின் கணக்கும் மொபைல் நிறுவனத்தின் கணக்கும் அப்படியே பொருந்தாது. சில நிறுவனங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் செலவான டேட்டாவை மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிடும். அதனால் 5 ஜிபி பிளானுக்கு 4.5 ஜிபியிலேயே லிமிட் வையுங்கள்.

இரண்டு சிம் என்றால் தனித்தனியாக வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வெளிநாட்டு ரோமிங்குக்கு இது போதவே போதாது. ரோமிங் பேக் போடாமல் போனால் சில எம்பிக்கே பெருந்தொகை ஏறும். ரோமிங் டேட்டாவையே அணைத்துவிடுங்கள்.