ஒன்பதாயிரம் ரூபாய் கைப்பேசியும் மாசி வீதிச் சந்துகளும்

மதுரையில் இரு சக்கர வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது வீடுகள். அதில் பாதி, மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் இடைப்பட்ட சந்துகளில். தை மாதம் 9,000 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கினேன். திரை, பேட்டரி எல்லாம் கொடுத்த காசுக்கு நியாயம். ஜிபிஎஸ் மட்டும் இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஒரு நாள் மருந்துப் பார்சல். நீலப் புள்ளி சரியான வாசலைக் காட்டுகிறது. நான் நிற்பதோ பக்கத்துச் சந்து. மூன்று கதவுகளைத் தட்டிய பிறகுதான் வீடு கிடைத்தது. "காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் தம்பி" என்றார் அந்தப் பாட்டி. அன்று இரவே காரணத்தைத் தேட உட்கார்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலி. எந்த நாட்டுச் செயற்கைக்கோள் தெரிகிறது, அதன் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்று வரிசையாகக் காட்டும். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். திறந்த வானத்தின் கீழும் பெரும்பாலானவற்றின் சிக்னல் வலிமை 22, 23 என்றே நின்றது. 35, 40 வரவேண்டிய இடம் அது. கைப்பேசியைத் திருப்பினேன். வண்டியின் காந்தத் தாங்கியில் நிற்பதற்காக முதுகில் நானே ஒட்டியிருந்த இரும்புத் தகடு! நகத்தால் நெம்பி எடுத்ததும் சில நொடிகளில் எண்கள் முப்பதைத் தாண்டி ஏறின. மறுநாளே கவ்விப் பிடிக்கிற தாங்கிக்கு மாறினேன். காந்தம் போனதால், நின்ற இடத்தில் அம்புக்குறி தாறுமாறாகச் சுற்றுவதும் நின்றது. காந்தத்தை எடுத்த கையோடு, கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவில் அசைத்து அதன் திசைகாட்டியையும் சரிசெய்துகொண்டேன்.

இன்னொரு குற்றவாளி பேட்டரி சேமிப்பு. திரை அணைந்ததும் அது இருப்பிடத்தை முடக்கிவிடுகிறது. மீண்டும் எடுக்கும்போது புள்ளி பழைய தெருவிலேயே கிடக்கும். வேலை நேரத்தில் அதை அணைத்து வைக்கிறேன். வரைபடச் செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்துக்கான அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தோராயத்தில் இருந்தது.

இத்தனை செய்தும் குறுகிய சந்துகளில் புள்ளி கொஞ்சம் வழுக்கத்தான் செய்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மாடி, நடுவில் ஒரு கீற்று வானம். சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றுவழியில் வருகிறது. அந்தக் கூடுதல் தூரத்தையும் கைப்பேசி கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. செயற்கைக்கோள்கள் எல்1, எல்5 என வெவ்வேறு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்புகின்றன. எல்5 அலைவரிசையையும் வாங்கும் கைப்பேசியால் நேராக வருவதையும் தெறித்து வருவதையும் நன்றாகப் பிரித்தறிய முடியும். என்னுடையது எல்1 மட்டுமே வாங்குகிறது. நம் இஸ்ரோவின் வழிகாட்டும் அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள் ஒன்றுகூட அதன் பட்டியலில் வராததற்கும் முக்கியக் காரணம் அதுவே: அவற்றில் பழையவை எல்5, எஸ் அலைவரிசைகளில்தான் பேசுகின்றன, எல்1 சேர்ந்தது 2023-இல் ஏவிய என்விஎஸ்-01-இலிருந்துதான். வாங்கும்போது இதை நான் கேட்டிருக்க வேண்டும். கடையில் யாரும் சொல்லவுமில்லை.

அகலத் தெருக்களில் ஓடுபவர்களுக்கு இந்தக் கைப்பேசி தாராளமாகப் போதும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். என்னைப் போலச் சந்துகளில் திரிபவர்கள் இரண்டாயிரம் கூடப் போனாலும் எல்5 உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஜிபிஎஸ்டெஸ்டுக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தப் பாட்டிக்கு மாதா மாதம் மருந்து வருகிறது. இப்போது நேராக அவர் வாசலில் போய் நிற்கிறேன்.