ஏலத்தில் ராணுவ வண்டி: ஹம்வீயா, எம்35ஏ2 லாரியா?

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ஹம்வீ நான்கு சக்கர ராணுவ வண்டி, எம்35ஏ2 ஆறு சக்கர ராணுவ லாரி. என் ஓட்டு ஹம்வீக்கு. தோற்றமோ வேகமோ காரணமில்லை, பிரேக்.

பட்டியலில் "ஓடுகிறது" என்று போட்டிருந்தால், பேட்டரி கொடுத்தபோது இஞ்சின் உயிர்பெற்றது என்பதோடு சரி. வண்டி நிற்குமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. உள்ளது உள்ளபடி விற்பனை என்றால் அதுதான்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே டீசல், இரண்டுமே 24 வோல்ட். ஹம்வீயில் ஜிஎம்மின் 6.2 அல்லது 6.5 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர். எம்35ஏ2-வில் மல்டிஃப்யூயல், அதாவது பல வகை எரிபொருளில் ஓடும் ஆறு சிலிண்டர் இஞ்சின், ஐந்து கியர் மேனுவல். பவர் ஸ்டியரிங் கிடையாது, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். கழிவு எண்ணெய் ஊற்றி ஓட்டலாம் என்று ஆசை காட்டுவார்கள். அதில் எனக்கு அனுபவம் குறைவு. டீசலே ஊற்றுங்கள் என்பேன். சரக்கு ஏற்றத்தான் வண்டி என்றால் லாரிதான், அங்கே வாதமே இல்லை.

இனி பிரேக். எம்35ஏ2-வில் ஆறு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். காற்றழுத்தம் உதவி மட்டும் செய்யும். வேலை செய்வது ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தம். அதுவும் ஒரே சர்க்யூட், எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே திரவப் பாதை. பின்னால் ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டர்) பிய்த்துக்கொண்டால் ஆறு சக்கரமும் கைவிட்டுவிடும். மிஞ்சுவது டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் கியர்பெட்டியின்) பின்புறம் இருக்கும் கை பிரேக் ஒன்றுதான்.

ஏன் பிய்த்துக்கொள்கிறது? ராணுவம் ஊற்றுவது டாட் 5 வகை சிலிக்கோன் பிரேக் திரவம். அது ஈரத்தை உறிஞ்சாது. உள்ளே புகுந்த தண்ணீர் கரையாமல் தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தேங்கும். அந்த இடம் வீல் சிலிண்டர். வண்டி வருஷக்கணக்கில் சும்மா நிற்கும்போது அங்கே துரு குழி விழும். பெடலை மிதித்தால் இறுக்கமாகவே இருக்கும், முதல் அவசர மிதியில் ரப்பர் கப் அந்தக் குழியில் உரசிக் கிழியும். ஆகவே எடுத்ததுமே ஆறு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குத் தரும் சிலிண்டர்), ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். டிரம் ஹப்போடுதான் (சக்கரத்தின் மையப் பகுதி) கழலும் என்பதால் பேரிங் கிரீஸ், சீல் வேலையும் கூடவே வரும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் மாற்று கிட் கிடைக்கிறது. அது இல்லாமல் சாலையில் ஏற்றாதீர்கள். டாட் 3 திரவத்தை இதோடு கலக்கவும் கூடாது.

ஹம்வீயிலும் அதே சிலிக்கோன் திரவம்தான். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை சர்க்யூட்; ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். நான்கும் டிஸ்க். அவை சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். பிரேக் விசை ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வழியாக ஹப்புக்குள் இருக்கும் 1.92:1 கியரைத் தாண்டித்தான் சக்கரத்தை அடைகிறது. அதனால் பிடி பெருகும். ஹப் உடைந்தால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் போகும்.

ஆகவே பார்வை நாளில் டார்ச்சோடு அடியில் படுத்து இரண்டு இடம் பார்க்க வேண்டும். முதலாவது, டிஸ்க்கின் உள்முகம். டிஃபரன்ஷியல் சீல் கசிந்தால் கியர் ஆயில் நேரே அங்கே தெறிக்கும். பேட் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை, சீலும் பேடும் புதிதாகப் போட வேண்டும். இரண்டாவது, சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த கோடு. அது ஹப் சீல். ஏல யார்டில் ஜாக்கி வைக்க விடுவது அரிது. வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட்டா, ஹப்பா என்று பிரித்துப் பாருங்கள். உள்ளே ஸ்பிண்டில் நட் தளர்ந்த ஹப் சக்கரத்தையே கழற்றி வீசும். ஹப் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் உடைந்த வென்ட் குழாய்தான் வழி.

பிரேக் பெடலுக்கு உதவும் பூஸ்டரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இஞ்சின் நிற்கும்போது நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கி, காலைத் திருப்பித் தள்ள வேண்டும். ஸ்டியரிங் பம்ப்தான் இதற்கும் அழுத்தம் தருகிறது, ரேடியேட்டர் ஃபேன் கிளட்சுக்கும் அதுவே. அங்கே கசிவு இருந்தால் மூன்று வேலை ஒன்றாகக் கெடும்.

ஹம்வீயின் சக்கரம் போல்ட் போட்ட இரண்டு துண்டு ரிம். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அகலம் ஏறக்குறைய 7 அடி 2 அங்குலம். சாதாரண கார் டிரெய்லரின் மட்கார்டுகளுக்கு நடுவே அடங்காது, சக்கரத்துக்கு மேலே தளம் உள்ள டிரெய்லர் வேண்டும். எம்35ஏ2 காலியாகவே சுமார் 5,900 கிலோ, கனரக வண்டி ஏற்றும் தாழ்தள லோபெட் டிரெய்லர்தான் வேண்டும்.

காகித வேலையில் ஹம்வீ கொஞ்சம் பின்தங்குகிறது. வண்டியைப் பதிவு செய்ய அரசு தரும் எஸ்எஃப் 97 படிவத்தில் "ஆஃப்-ரோடு மட்டும்" என்று குறித்திருந்தால் சில மாநிலங்கள் பதிவு தராது. கையை உயர்த்துவதற்கு முன்பே உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சில லாட்டுகளுக்கு (ஏல உருப்படிகளுக்கு) இறுதிப் பயன் சான்றும், அதாவது வண்டியை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற சான்றும் கேட்பார்கள். அது வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை வண்டி யார்டை விட்டு நகராது.