கணினிக்கும் அனலாக் கன்சோலுக்கும் நடுவே: ஐந்து வருடப் பயன்பாடு

24 சேனல் இன்லைன் கன்சோல் (ஒவ்வொரு சேனலிலும் பதிவுக்கு ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு பாதைகள் உள்ள மிக்ஸர்), 24 உள்ளீடும் 24 வெளியீடும் உள்ள கன்வர்ட்டர் (அனலாக் ஒலியை டிஜிட்டலாகவும் டிஜிட்டலை அனலாகாகவும் மாற்றும் பெட்டி), பதிவு மென்பொருளாக ரீப்பர், வெளி வேலைகளுக்குப் புரோ டூல்ஸ். சென்னையில் ஒரு நடுத்தர ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து வருடமாக ஓடும் அமைப்பு இது. கன்சோலின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கன்சோலாக இருந்தாலும் தகராறு வருகிற இடங்கள் ஒன்றேதான்.

'அனலாக் சம்மிங்'கில், அதாவது டிராக்குகளைக் கன்சோலில் கூட்டுவதில், ஏதோ மாயம் நடக்கும் என்று நம்பி மட்டும் கன்சோல் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் கன்சோலின் சம்மிங்குக்கும் கணினிக்குள் கூட்டுவதற்கும் வித்தியாசம் சொற்பம். பாடகரின் ஹெட்ஃபோனில் தாமதம் இல்லாமல் போவதும், பத்து விரலும் ஒரே நேரத்தில் ஃபேடரில் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) இருப்பதும்தான் உண்மையான லாபம். அந்த இரண்டுக்காக வாங்கினால் காசுக்கு மோசமில்லை.

வேலை லெவலில் தொடங்குகிறது. கன்சோல் மீட்டரின் 0 வியு (வழக்கமான வேலை அளவு) என்பது +4 டிபியு (மின்னழுத்தத்தைக் குறிக்கும் டெசிபெல் அலகு), அதாவது 1.228 வோல்ட். கணினிக்குள் எந்த அளவு அதற்குச் சமம் என்பதைக் கன்வர்ட்டர்தான் முடிவு செய்கிறது. 0 டிபிஎஃப்எஸ்ஸுக்கு (கணினிக்குள் உள்ள உச்ச அளவு) +22 டிபியு கொடுக்கும் கன்வர்ட்டரில் −18 டிபிஎஃப்எஸ்தான் 0 வியு. +19 கொடுப்பதில் −15. சின்ன மேசை இன்டர்ஃபேஸ்கள் சிலவற்றில் முழு அளவே +10தான். அதை வைத்துக்கொண்டு −18ஐ 0 வியுவில் நிறுத்தப் பார்த்தால், குறைவதை ஈடுகட்டக் கன்சோல் ட்ரிம்மை (உள்ளீட்டு அளவுக் குமிழ்) 12 டிபி (டெசிபெல்) ஏற்றவேண்டி வரும். இரைச்சலும் கூடவே ஏறும். பிறகு கன்சோல் இரைகிறது என்று புகார்.

சரிபார்க்க, 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை −18இல் ஓடவிட்டு, மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளின் 2, 3ஆம் பின்களுக்கு நடுவே ஏசி வோல்ட்டை அளக்கலாம். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மல்டிமீட்டர்கள் அங்கே தவறாகக் காட்டும். 50 ஹெர்ட்ஸும் வேண்டாம், கரண்டின் ஹம் சேர்ந்துகொள்ளும். 24 வெளியீட்டையும் ஒருமுறை அளந்து, பேட்ச் பே (எல்லா இணைப்புகளும் ஒன்றுசேரும் ஜாக் பலகை) பக்கத்தில் ஒட்டிவைத்தால் பின்னால் ஒரு சேனல் மட்டும் குறைந்து கேட்கும்போது குற்றவாளியை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். டேப் ரிட்டர்னில் (கணினியின் வெளியீடு கன்சோலுக்குள் வரும் உள்ளீடு) +4 / −10 ஸ்விட்ச் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். −10 வேறு அலகில் (டிபிவி) இருப்பதால் இரண்டுக்கும் இடைவெளி 14 அல்ல, கிட்டத்தட்ட 11.8 டிபி.

டிபி25 (25 பின் இணைப்பான்) கேபிள்களில் எட்டு சேனல் டாஸ்காம் பின் அமைப்பே அனலாகில் வழக்கம்: முதல் சேனலுக்கு ஹாட் (நேர் சிக்னல்) 24, கோல்ட் (எதிர் சிக்னல்) 12, ஷீல்ட் 25. எட்டாவதுக்கு 1, 14, 2. பதின்மூன்றாம் பின் காலி. டிஜிட்டலுக்கென்று விற்கும் கேபிளில் யமஹா அமைப்பு இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், செருகினால் சேனல்கள் கலைந்து வரும். பழைய கருவிகள் சிலவற்றில் திருகு மரையும் வேறு. இறுகவில்லை என்றால் நெம்பாமல் விட்டுவிடுங்கள்.

ரெக்கார்டிங் பாதைதான் இந்த அமைப்பின் உயிர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.67 மில்லிசெகண்ட். போய் வர, கன்வர்ட்டரும் டிரைவரும் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் சாதாரணமாக 7, 8 ஆகிவிடும். பாடகருக்கு அது தாமதமாகத் தெரியாது. மண்டைக்குள் கேட்கும் தன் குரலோடு ஹெட்ஃபோன் குரல் மோதி, குடத்துக்குள் பாடுவதுபோல் ஒலிக்கும். சுருதி பிடிக்க முடியவில்லை என்பார்கள்.

அதனால் மைக்கைச் சேனல் பாதையில் எடுத்து, டைரக்ட் அவுட் (அந்தச் சேனலின் தனி வெளியீடு) வழியாகக் கணினிக்கு அனுப்புங்கள். ஹெட்ஃபோனுக்கு அதே சேனலின் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (ஃபேடரை நகர்த்தினாலும் மாறாத துணை வெளியீடு). ரீப்பரில் அந்த டிராக்கின் ரெக்கார்ட் மானிட்டரிங் (உள்ளே வரும் ஒலியைக் கணினி வழியே கேட்பது) அணைந்திருக்க வேண்டும். பின்னணி இசை மட்டும் ஸ்டீரியோவாக மானிட்டர் பாதையில் வரட்டும். ரிவர்ப் இல்லாமல் பாட மாட்டேன் என்பவர்களுக்கு, ஒரு தனி டிராக்கில் மானிட்டரிங்கைப் போட்டு, நூறு சதம் 'வெட்'டில் (மூலக் குரல் கலக்காமல் ரிவர்ப் மட்டும்) ரிவர்ப் வைத்து, அதை வேறொரு வெளியீட்டில் கன்சோலுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே 8 மில்லிசெகண்ட் தாமதம் ஒரு ப்ரீ-டிலேதான் (ரிவர்ப் தொடங்கும் முன் வரும் சிறு இடைவெளி), யாருக்கும் உறுத்தாது. உலர்ந்த குரல் துளி கலந்தாலும் பழைய குடம் திரும்பிவிடும்.

டைரக்ட் அவுட் இல்லாத சின்ன மிக்ஸர் என்றால் இன்சர்ட் ஜாக்கிலிருந்து (சேனலின் நடுவே வெளிக்கருவியைச் செருகும் துளை) எடுக்கலாம். பிளக்கைப் பாதியில் நிறுத்துவது அவசரத்துக்குச் சரி. கால் பட்டால் கழன்றுவிடும். டிப்பையும் ரிங்கையும் சேர்த்து சால்டர் வைத்த ஸ்டீரியோ பிளக் ஒன்று செய்து வைத்தால் முழுதாகச் செருகலாம், சிக்னலும் அறுபடாது.

ஒரு எச்சரிக்கை. கணினியின் வெளியீடு வருகிற சேனலை, அதே டிராக்குக்குச் செல்லும் பஸ்ஸில் (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் பாதை) போட்டு, மானிட்டரிங்கையும் அழுத்தினால் சுற்று முழுமையாகிவிடும். மைக் ஊளை மெல்ல ஏறும், இது சட்டென்று முழு அளவில் அலறும். ட்வீட்டர் போய்விடலாம். ரிட்டர்ன் வரும் சேனல்களில் பஸ் பட்டன்கள் எல்லாம் மேலே இருக்கின்றனவா என்று தினமும் காலையில் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போன்ற வெளிக்கருவியை இன்சர்ட்டாக வைக்கும்போது போய்வரும் தாமதத்தை ஈடு செய்ய வேண்டும். ரீப்பரின் ரீஇன்சர்ட், லாஜிக்கின் ஐ/ஓ பிளக்-இன், கியூபேஸின் எக்ஸ்டர்னல் எஃப்எக்ஸ் மூன்றிலும் பிங் (சோதனைத் துடிப்பு) அனுப்பி அளக்க வழி இருக்கிறது. அளக்கும்போது கருவி பைபாஸில் இருக்கட்டும். புரோ டூல்ஸில் ஐ/ஓ செட்டப்பில் மில்லிசெகண்டில் எழுதலாம். மேலும் அங்கே இன்சர்ட்டுக்கு உள்ளீடும் வெளியீடும் ஒரே எண்ணில் வரவேண்டும் என்பதால் பேட்ச் பேயை முதலிலேயே அதற்கேற்ப அடுக்குங்கள். கம்ப்ரஸ் செய்த ஒலியை மூல ஒலியோடு கலக்கும் பேரலல் கம்ப்ரஷனில்தான் இதன் அருமை தெரியும். ஈடு செய்யாத 1 மில்லிசெகண்ட், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் தோண்டும். டிரம்ஸ் காகிதம்போல் ஆகிவிடும்.

மிக்ஸிங்குக்கு 24 வெளியீட்டையும் நிரப்பத் தேவையில்லை, 16 போதும். 1-2 தாளக்கருவிகள், 3 கிக், 4 பேஸ், 5-6 ஸ்ட்ரிங்ஸ், 7-8 கீபோர்ட், 9-10 கோரஸ், 11 குரல், 12 புல்லாங்குழலோ வேறு தனி வாத்தியமோ, 13-14 ரிவர்ப், 15-16 மற்றவை. குரல், கிக், பேஸ் மூன்றையும் மோனோ வெளியீட்டிலேயே அனுப்புங்கள். ஸ்டீரியோ ஜோடியில் அனுப்பினால் இரண்டு சேனல் வீணாகும், பேன் விதியும் (ஒலியை இடம் வலம் நகர்த்தும்போது அளவு மாறும் கணக்கு) கணினியில் ஒருமுறை, கன்சோலில் ஒருமுறை குறுக்கிடும்.

ஸ்டீரியோ ஜோடிகளில் இரண்டு ட்ரிம்மும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தாலும் காதுக்கு ஒன்றாக இருக்காது. இரண்டிலும் ஒரே டோனை அனுப்பி, ஒன்றில் ஃபேஸைத் திருப்பி, இரண்டையும் நடுவில் பேன் செய்து, சத்தம் அடங்கும் வரை ட்ரிம்மைத் திருகுங்கள். ஜோடிகளில் கன்சோல் ஈக்யூ போடாமல் இருந்தால் அந்தச் சமன் நிலைக்கும். பயன்படுத்தாத சேனல்களை மியூட் செய்யுங்கள். ஒரே அளவில் திறந்த 24 சேனல்களின் இரைச்சல், ஒன்றுடையதைவிடச் சுமார் 14 டிபி அதிகம்.

மெயின் அவுட் 23-24 உள்ளீட்டில் கணினிக்குத் திரும்பி ஒரு பிரிண்ட் டிராக்கில் (முடிந்த மிக்ஸைப் பதியும் டிராக்) பதிவாகும். அந்த டிராக்கின் வெளியீட்டை மாஸ்டரிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையேல் மேலே சொன்ன அலறல்தான். இது நிகழ்நேர வேலை. ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து நிமிடம், ஆஃப்லைன் பவுன்ஸ் (பாட்டை ஓடவிடாமலே வேகமாகக் கோப்பாக்குவது) கிடையாது. அதனால் குமிழ்களைத் தொடும் முன் முழுப் பாட்டு, மைனஸ் ஒன் (குரல் இல்லாத இசை), குரல் 1 டிபி கூடியது, குரல் மட்டும் என்று நான்கையும் ஒரே உட்காரலில் பிரிண்ட் செய்துவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு வாரம் கழித்து மைனஸ் ஒன் கேட்டால், போனில் எடுத்த படங்களை வைத்து கன்சோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பாதிதான் பலிக்கும்.

ஹம் வந்தால் எர்த் பின்னை வெட்டுவது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். கன்சோல், கன்வர்ட்டர், கணினி மூன்றும் ஒரே போர்டில், ஒரே எர்த்தில் இருக்கட்டும். லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் கன்சோலில் குறையில்லை. கன்வர்ட்டரை அடாட் ஆப்டிகல் (ஒளியிழைக் கேபிள்) வழியாக இணைத்தால் அந்த மின் தொடர்பே அறுந்துவிடும். அப்போது கிளாக்குக்கு (டிஜிட்டல் கருவிகளை ஒரே நேரக்கணக்கில் ஓட்டும் சிக்னல்) ஒருவரே எஜமான் என்பதை உறுதி செய்யுங்கள், இருவர் இருந்தால் டிக் டிக் சத்தம் வரும். இரைச்சல் கரகரப்பாக, 100 ஹெர்ட்ஸ் சாயலில் இருந்தால் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள்.

கடற்காற்று அடிக்கும் ஊரில் பேட்ச் பேயின் நார்மல் காண்டாக்ட்கள் (கேபிள் செருகாதபோது சிக்னலைக் கடத்தும் உள் இணைப்புகள்) ஆறேழு மாதத்தில் கறுக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கும், கேபிளைச் செருகி எடுத்தால் சரியாகும். அப்படியானால் கோளாறு ஜாக்கில்தான், கேபிளை மாற்றிப் பயனில்லை. காண்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் சிறிது தெளித்து, பத்துத் தடவை செருகி எடுத்தால் போதும். ஜாக்குக்குள் நேரே அடித்தால் அழுக்கு உள்ளேயே தங்கும்.