திருக்கடையூருக்கு ஆன்லைன்ல மாலை ஆர்டர் பண்றீங்களா? ஏமாறாம இருக்க இதைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க

7,800 ரூபாய் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கல. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

முந்தாநாள் திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நாங்க இருக்கிறது ஓசூர். கோயில் பக்கத்துல பூக்கடை நம்பர் தேடினப்ப முதல்ல வந்து நின்னது ஒரு சைட். உள்ளூர் பூக்கடை, பரம்பரைத் தொழில்னு போட்டிருந்தாங்க. போன் எடுத்த ஆள் "அக்கா, அக்கா"ன்னு அப்படி ஒரு உபசாரம். "எங்க வீட்டு ஆளுங்களேதான் கட்டுறாங்கக்கா. அப்பா பேரு, நட்சத்திரம் சொல்லுங்க, அபிராமி சன்னதியில ஒரு அர்ச்சனையும் பண்ணிடுறோம்"னான். அந்த வார்த்தையில மனசு குளிர்ந்துதான் 7,800 ரூபாயையும் மொத்தமா அனுப்பினேன்.

போட்டோல இருந்தது சம்பங்கி நெருக்கிக் கட்டி, நடுவுல ரோஜா வச்சு, மரிக்கொழுந்து வாசம் போன்லயே வர்ற மாதிரி இடுப்பு வரைக்கும் ரெண்டு மாலை. கூடவே மதுரை மல்லி 20 முழம். வந்தது? சம்பங்கி இருக்க வேண்டிய இடத்துல அரளி, அதுலயும் இடையிடையே நார் தெரியுது. அப்பா கழுத்துல போட்டதும் ரோஜா இதழ் பொலபொலன்னு கொட்டிடுச்சு. மல்லின்னு கொடுத்தது காக்கடா! சித்தி ஒரு முழத்தை மூக்குகிட்ட கொண்டுபோய், "ஏண்டி, இதுவா மல்லி?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. சித்தி எதுலயும் குறை கண்டுபிடிக்கிறவங்கதான், ஆனா அன்னிக்கு அவங்க பக்கம் நியாயம் இருந்துச்சு.

கொண்டுவந்த பையன் கையில ஒரு துண்டுச்சீட்டு. அதுல வேற ஒரு கடை பேரு, 2,600ன்னு தொகை. அந்தக் கடைக்கே போன் போட்டோம். "எங்களுக்கு ஆர்டர் வந்ததே 2,600க்குத்தான்மா. முகூர்த்த நாள்ல பூ விக்கிற விலைக்கு அந்தக் காசுல என்ன கட்ட முடியும்?"னார் பெரியவர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரல. மிச்சம் 5,200 எங்கேயோ உக்காந்துட்டு போன் மட்டும் பேசுறவன் பாக்கெட்டுக்குப் போயிருக்கு. பூவைக் கண்ணால கூடப் பார்த்திருக்க மாட்டான்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல்ல "டீம்ல கேட்டுச் சொல்றோம் மேடம்". அக்கா போய் மேடம் ஆயிட்டேன்! அடுத்து, பூ அழுகுற பொருள், ரீஃபண்ட் கிடையாதாம். நான் கேட்டது வாடினதுக்கு இல்லடா, சொன்ன பூவே வரலைங்கிறதுக்கு! கடைசியா அடுத்த ஆர்டருக்கு 300 ரூபாய் கூப்பன். 7,800 ரூபாயைத் தின்னுட்டு கூப்பன். "கடை கோயிலுக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டேன், கட் பண்ணிட்டான்.

வழி சொல்றேன்னு தலைப்புல போட்டுட்டேன், இப்போதைக்கு இவ்வளவுதான் தோணுது. கடை எங்கேன்னு வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. முழுப் பணம் கட்டாதீங்க, அட்வான்ஸ் போதும். பூ பேரு, முழம் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. ஆன்லைன்ல விக்கிறவங்க நிறுவனப் பேரு, முகவரி, குறைதீர் அதிகாரி விவரம் போடணும்னு 2020லயே விதி வந்தாச்சு. இவங்க சைட்ல ஒரு மெயில் ஐடிதான் இருக்கு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் கொடுத்திருக்கேன்.

சைட் பேரை இங்க போடல. அங்க விசேஷம் வச்சிருக்கிறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்புறேன்.