ஈஜிடி மீட்டர்: டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா?

டீசல் வண்டியை ரீமேப் செய்த (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டிய) நண்பர் ஒருவர், "இன்ஜின் புகையின் சூட்டைக் காட்டும் ஈஜிடி மீட்டரில் எதை வாங்கலாம்?" என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், சூட்டை உணரும் கம்பியான புரோபை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

என் வண்டிக்கு பெங்களூருப் பட்டறையில் முதலில் டர்போவுக்குப் பின்னால் உள்ள புகைக்குழாயான டவுன்பைப்பில்தான் மாட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சுலபம்: சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம், புரோபின் முனை உடைந்தாலும் டர்போவின் சக்கரமான டர்பைனுக்குள் போகாது. இந்த இரண்டாவது காரணம் நியாயமானதுதான். ஆனால் புகையிலுள்ள சூட்டை உறிஞ்சித்தானே டர்பைன் சுற்றுகிறது? லோடு ஏறும்போது பின்னால் 100 முதல் 200 டிகிரி வரை குறைத்தே காட்டும். அந்த வித்தியாசமும் பூஸ்ட்டுக்கு (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு) தக்கபடி மாறும், கணக்காகக் கூட்டிக்கொள்ள முடியாது. பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது முள் மெல்ல எழுந்திருப்பதற்குள் வளைவே முடிந்துவிடுகிறது. எரிச்சல் எல்லாம் இதில்தான்.

சரியான இடம், எல்லா சிலிண்டரின் புகையும் ஒன்றுசேர்ந்து டர்போ ஃபிளேஞ்சுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால். ஒரு சிலிண்டரின் குழாயில் போட்டால் அந்த ஒரு இன்ஜெக்டரின் கதை மட்டுமே தெரியும். மேனிஃபோல்டைக் கழற்றிக் கொண்டுபோய் லேத்தில் கொடுங்கள். வார்ப்பு தடிப்பாக இருக்கும் இடத்தில் 8.5 மி.மீ. துளை, 1/8 என்பிடி (குழாய் மரை அளவு) மரை. துளைக்கும் முன் ஸ்பேனர் நுழைகிறதா, ஹீட் ஷீல்டு இடிக்கிறதா என்று வண்டியிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். வண்டியில் இருக்கும்போதே துளைத்து, ட்ரில்லில் கிரீஸ் தடவித் துருவலைப் பிடித்துவிடலாம் என்பவரை நம்ப வேண்டாம். தப்பிய ஒரு துணுக்கு போதும், டர்பைன் இதழ் போய்விடும். புரோப் 3 மி.மீ. உறையுடன், முனை மூடியதாக இருக்கட்டும். முனை புகைப்பாதையின் நடுவில் நிற்க வேண்டும்.

ஒயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புரோபுக்குள் சூட்டை உணர்வது தெர்மோகப்பிள். அது கே-டைப் என்றால் ஒயரும் கே-டைப்தான். நீளம் போதவில்லையென்று பானட்டுக்குள் செம்பு ஒயரை ஒட்டினால், அந்த ஒட்டு 80 டிகிரியிலும் கேபின் 30-லும் இருக்கும்போது மீட்டர் சுமார் 50 குறைத்துக் காட்டும்.

டர்போவுக்கு முன்னால் மாட்டிய டீசலுக்கு, தொடர்ந்து 700 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். நெருங்கினால் கியரைக் குறையுங்கள். காற்று கூடும், சூடு இறங்கும். பெட்ரோல் டர்போவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது இதைவிடச் சூடாகவே ஓடும்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் விரிசல் விட்டபோது, கரும்புகை தெரியும் முன்பே, அதே ஏற்றத்தில் அதே கியரில் முள் வழக்கத்தைவிட மேலே நின்றது. மீட்டர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், ரீமேப் செய்யாமல் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு இது வேண்டாம். ரீமேப் செய்திருந்தாலும், டவுன்பைப்பே போதும் என்று பட்டறைக்காரர் அடம்பிடித்தால் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டரையும் இன்டர்கூலர் கிளாம்புகளையும் புதிதாக மாற்றுங்கள்.